பெயர் சுரண்டிய பெட்டி

ஜெபராணி டீச்சர் உயிரோடு இருக்கும்போதே தனக்குச் சவப்பெட்டி செய்து வைத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அது தினமும் யோவான் கண்ணில் பட வேண்டும், அவன் வயிறு எரிய வேண்டும்.

வேறு காரணம் சொல்லி அவளை நல்லவளாக்கப் பார்ப்பவர்கள் ஆரணியில் இன்றும் உண்டு. மரண பயம் என்பார்கள், தனிமை என்பார்கள், பிள்ளை இல்லாதவள் பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். எல்லாம் சும்மா. யோவான் அவள் கணவனின் தம்பி, சபையின் கல்லறைத் தோட்டக் கமிட்டிக்குச் செயலர். காலையில் பால் வாங்கவும் மாலையில் ஆலயத்துக்கும் அவன் அவள் வீட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அதனால்தான் பெட்டியை உள்ளே வைக்காமல் வராந்தாவில், கம்பி கேட்டுக்குப் பின்னால், இரண்டு முக்காலிகள்மேல் ஏற்றித் தெருவைப் பார்த்து வைத்தாள். மூடியில் கறுப்புப் பெயிண்டில் பெரிய எழுத்தில் 'ஜெபராணி ஆன்சன்'. தெருப்பக்கத்துப் பலகையில் இரண்டு கண்கள்.

ஆமாம், கண்கள். மை தீட்டி, ஓரத்தைக் காதுவரை இழுத்துவிட்ட, இமைக்காத பெரிய கண்கள். அவள் சரித்திர டீச்சர். ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் நைல் நதியில் ஆரம்பிப்பாள். பழைய எகிப்தியர்கள் வசதி இருந்தால் உயிரோடு இருக்கும்போதே பெட்டி செய்துகொள்வார்கள், ஒரு காலத்தில் அதன் பக்கவாட்டில் கண் எழுதுவார்கள், செத்தவர் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு அந்தக் கண் வழியாகக் கிழக்கே சூரியன் வருவதைப் பார்ப்பார் என்று நம்பினார்கள். புத்தகத்தில் இதெல்லாம் இரண்டே வரி. ஜெபராணி இரண்டு பீரியட் எடுப்பாள். ஆனால் அவள் பெட்டியின் கண்கள் சூரியனைப் பார்ப்பதற்கு எழுதியவை அல்ல, யோவானைப் பார்ப்பதற்கு எழுதியவை.

பெட்டி செய்தது மணவாளன். சபைக்காரன் இல்லை, ஆனால் ஊரில் கிறிஸ்தவர்களுக்குப் பெட்டி என்றால் அவன்தான். அளவெடுக்க வந்தவன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"டீச்சர், உசுரோட கீறவங்களுக்கு நான் பொட்டி செஞ்சதில்ல. நின்னுகினு கீறவங்கள அளவெடுக்கவே ஒரு மாரியா கீது."

"படுத்தா எடுப்பியா? இரு, படுக்கறேன்" என்று சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தே விட்டாள். மணவாளன் அன்றைக்குச் சாப்பிடாமல் போனான் என்று அவன் பெண்சாதி பிறகு தெருவெல்லாம் சொன்னாள்.

இந்த அளவுக்கு ஒரு மனுஷி வெறி பிடித்துப்போக யோவான் அப்படி என்ன செய்தான்? ஒன்று, அவளை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டு, அவள் படுக்க வேண்டிய இடத்தைப் பிடுங்கிக்கொண்டான். இரண்டும் ஒன்றுதான்.

அவள் பிறந்தபோது பெயர் தெய்வநாயகி. சேவூரில் பட்டு நெய்யும் குடும்பம், வீட்டுக்குள்ளேயே மூன்று தறி. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த ஆன்சனைக் கட்டிக்கொண்டாள். ஞானஸ்நானம் எடுத்தாள். ஜெபராணி என்ற பெயரை ஆன்சன்தான் தேர்ந்தெடுத்தான், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, நாக்குக்குப் பிடித்த பிறகே முடிவு செய்தான். அந்தச் சேதி போன அன்றே சேவூரில் அவள் அண்ணன் ஜெகநாதன் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவிட்டான். செத்தவளுக்கு முழுகுவதுபோல் முழுகினான். அதன்பிறகு அந்த வாசலை அவள் மிதித்ததில்லை, அவனும் கூப்பிட்டதில்லை.

சரி, வந்த வீடாவது வாவென்றதா? யோவான் கல்யாணத்தன்றே பந்தியில் உட்கார்ந்து சொன்னான்: "பேரை மாத்திகினா ஆளு மாறிடுமா?" அன்றிலிருந்து அண்ணி என்றும் சொல்லவில்லை, ஜெபராணி என்றும் சொல்லவில்லை. வீட்டில், கடைத்தெருவில், ஆலய வாசலில், எல்லா இடத்திலும் தெய்வநாயகிதான். அவன் பெண்சாதி இவாஞ்சலினும் புருஷனைப் பார்த்து 'தெய்வநாயகி அக்கா' என்று பிடித்துக்கொண்டாள். மரியாதையாகச் சொல்வதுபோல் இருக்கும், சுருக்கென்று குத்தும்.

தொண்ணூற்றெட்டில் ஆன்சன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். கல்லறைத் தோட்டத்துக் கிழக்குச் சுவரை ஒட்டி அவன் அப்பா, அதற்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் ஆன்சன். ஆன்சனுக்குப் பிறகு ஒரே ஒரு ஆள் படுக்கிற இடம், அதைத் தாண்டினால் நடைபாதை. ஜெபராணி ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் காலி இடத்தில்தான் உட்காருவாள். அங்கே முளைக்கிற புல்லைப் பிடுங்குவாள், நெருஞ்சியைப் பிடுங்குவாள். பள்ளிக்கூடத்துச் சண்டைகளையெல்லாம் ஆன்சனிடம் சொல்லிவிட்டு எழுந்து வருவாள். அவளுக்குப் பிறந்த வீடு இல்லை, பிள்ளை இல்லை, உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஆறடி மண். அதையாவது யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

தோட்டத்தில் இடம் குறைகிறது, யார் யாருக்கு எங்கே என்று இப்போதே முடிவு செய்துவிடலாம் என்று கமிட்டி கூடியது. ஜெபராணி எழுந்து தன் இடத்தைக் கேட்டாள். யோவான் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"தெய்வநாயகி அம்மா நம்ம தோட்டத்துல எடம் கேக்கறாங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "அவங்க நெனப்பு தப்பு இல்ல. ஆனா கல்யாணத்துக்கோசரம் முழுக்கு எடுத்தவங்களுக்கெல்லாம் குடுத்துகினே போனா, பரம்பரையா இருக்கறவங்க எங்க போறது? சேவூர்ல அவங்க ஜாதி ஜனத்துக்கு சுடுகாடு இல்லாமயா பூடுச்சு?"

"யோவான், என் பேரு ஜெபராணி."

"பேருல இன்னா கீது, உக்காருங்க."

"பேருல ஒண்ணும் இல்லன்னா சொல்லிட்டுப் போயேன். வாய் வெந்துடுமா?"

சொல்லவில்லை. ஏழு பேர் கமிட்டி, அதில் ஐந்து பேர் யோவானிடம் காரியம் ஆக வேண்டியவர்கள். ரத்த சொந்தம் என்ற கணக்கில் அண்ணன் பக்கத்து இடம் தம்பிக்கு என்று தீர்மானம் ஆனது. செத்தவர் நெஞ்சைத் தராசில் வைத்து நிறுக்க எகிப்தியர்கள் நாற்பத்திரண்டு நீதிபதிகளை உட்கார வைத்தார்கள். அதில் ஒருத்தருக்குக்கூட கொழுந்தன் முறை கிடையாது என்று நினைத்துக்கொண்டே ஜெபராணி வீடு வந்தாள். மறுநாள்தான் மணவாளனுக்கு ஆள் அனுப்பினாள்.

பெட்டி வராந்தாவில் ஏறிய முதல் வாரம் யோவான் பார்க்காததுபோலப் போனான். இரண்டாம் வாரம் வெயிலே இல்லாத காலையில் குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போனான். அப்புறம் பின்தெரு வழியாக, சாக்கடையைத் தாண்டிக் குதித்து, சாயப்பட்டறைத் தண்ணீரில் வேட்டியை நனைத்துக்கொண்டு போக ஆரம்பித்தான். ஜெபராணிக்கு அந்த மாதம் நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

யோவான் போதகரை அனுப்பிப் பார்த்தான். அவர் சாதுவான மனிதர், யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

"சிஸ்டர், இந்தக் கண்ணு கிண்ணு எல்லாம் நமக்கு ஏத்தது இல்லியே. அஞ்ஞானம் மாதிரி தெரியுது."

"ஐயா, நான் எகிப்து சாமிய கும்பிடல. யோசேப்பு செத்தப்போ அந்த ஊர்ல தைலம் போட்டுப் பொட்டியில தானே வெச்சாங்க? நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?"

போதகர், அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கடைசியில் யோவானே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்வீட்டு விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன, அதற்குமேல் கத்தினான்.

"இந்தா தெய்வநாயகி, இந்தக் கருமத்தை உள்ள எடுக்கறியா இல்லியா?"

"யாரைக் கூப்புடறே? அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. மூடி மேல பேரு எழுதிகீது. படிக்க வருமில்ல?"

"எழுதிட்டா ஆயிடுமா? பொட்டி வாங்கிட்டா எடம் வந்துடுமா? நீ செத்தா இந்தப் பொட்டியோட சேவூருக்கு அனுப்புவேன். உங்க அண்ணன் சேத்துக்க மாட்டான். அப்புறம் கமண்டல ஆத்துல தான் வுடணும். அதுலயும் தண்ணி இல்ல."

"நான் முன்னால போயிட்டா?"

"நீ எப்ப போனாலும் அந்த எடம் காலியா தான் கெடக்கும். அது எங்க அண்ணன் பக்கம். எனக்கோசரம் காத்துகினு கெடக்கும்."

அவன் போன பிறகு ஜெபராணி அவன் பிடித்திருந்த கம்பியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவும்போதே அழுதாள். அந்த இடத்தில் தான் இல்லாமல் அவன் படுத்திருப்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆன்சன் உயிரோடு இருந்தபோது அவனை அவளுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் கிழித்துப் போட்டவன், செத்த பிறகும் நடுவில் வந்து படுக்கப் பார்க்கிறான். இதைவிடப் பெரிய அநியாயம் அவளுக்குத் தெரிந்த எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் கார்த்திகை மழை பிய்த்து உதறியது. வருஷக்கணக்காக மணலாகக் கிடந்த ஆறு கரை தட்டி ஓடியது. கண்ணமங்கலத்தில் சாலை அறுத்துக்கொண்டதால் வேலூருக்குப் போக்குவரத்து இல்லை. கரண்ட் போய் இரண்டு நாள் ஆகி, தெருவில் ஒரு விசைத்தறியும் ஓடவில்லை. அந்தச் சத்தமே இல்லாத காலையில், வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை அண்டாவில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த யோவான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டோ வருவதற்குள் ஆள் இல்லை.

பால்காரி வந்து சொன்னாள். சொல்வதற்கென்ன வெட்கம், ஜெபராணி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிச் சிரித்தாள். அவள் நெஞ்சு அவ்வளவு குளிர்ந்துபோனது. ஒரு காபி போட்டு, அதில் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாதி டம்ளரில்தான் உறைத்தது. செத்துவிட்டான் என்றால் புதைப்பார்கள். எங்கே புதைப்பார்கள்? காபி அப்படியே கசந்தது.

பத்து மணிக்கு கேட் தட்டும் சத்தம். இவாஞ்சலின் தொப்பலாக நனைந்து நின்றாள், பக்கத்தில் போதகர், பின்னால் இவாஞ்சலினின் தம்பி ஜெயக்குமாரும் சபை ஆள் ஒருத்தனும். நான்கு பேர் கண்ணும் பெட்டிமேல் இருந்தது. பெட்டியின் கண்கள் அவர்கள்மேல் இருந்தன.

ஜெபராணிக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர்கள் வாயால் வரட்டும் என்று சும்மா நின்றாள்.

போதகர்தான் ஆரம்பித்தார். "மணவாளன் தெள்ளாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயி மாட்டிகினான், சிஸ்டர். பஸ் இல்ல. அவன் கொட்டாயில பலகை எல்லாம் தண்ணியில மெதக்குது. வேலூர்லருந்து பொட்டி வர வழியில்ல. ஐஸ் பொட்டி வெக்கலாம்னா கரண்ட் இல்ல. சாயங்காலத்துக்கு மேல வெச்சிருக்க முடியாது."

"அதுக்கு?"

"அக்கா" என்றாள் இவாஞ்சலின். அவ்வளவுதான் வந்தது, மீதி அழுகை.

"எங்க பொதைக்கறீங்க?"

போதகர் குடையின் நுனியைப் பார்த்தார். "கமிட்டி தீர்மானம் தான்..."

"ஆக, என் எடமும் வேணும், என் பொட்டியும் வேணும். கண்ணை மூடினதுக்கு அப்புறமும் அந்த ஆளுக்கு நான் தான் ஆகணுமா? தர மாட்டேன். பாயில சுத்திகினு போங்க."

"நீயெல்லாம் மனுஷியா?" என்று ஜெயக்குமார் எகிறினான். போதகர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். ஜெபராணி கேட்டைச் சாத்தத் திரும்பினாள். சாத்தியிருப்பாள். யோவானைப் பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போவதை வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்திருப்பாள். அதற்குள் இவாஞ்சலின் கம்பிக்குள் கையை விட்டு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு உன் ஒசரம் தான்க்கா, சரியா இருக்கும். அந்தப் பேரைச் சொரண்டிட்டு அவரு பேரை எழுதிக்கறோம். யாருக்குத் தெரியப் போவுது?"

உயரம் உண்மைதான். யோவான் குள்ளம், மீதி உயரமெல்லாம் அவன் நாக்கில் இருந்தது. ஆனால் ஜெபராணியை நிற்க வைத்தது உயரம் இல்லை. பேரைச் சொரண்டிட்டு என்ற வார்த்தை.

அவள் வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்த கதை அது. எகிப்தில் காலம் கெட்டபோது, மரம் கிடைக்காதபோது, பெரிய மனிதர்களின் குடும்பமே பழைய கல்லறைகளைத் திறந்தது. உள்ளே கிடந்தவரை உருட்டிவிட்டு, பெட்டியை எடுத்து, அவர் பெயரைச் சுரண்டி, தங்கள் ஆளின் பெயரை எழுதிக்கொண்டார்கள். பெயர் இருக்கிற இடத்தில்தான் ஆள் இருப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. பெயர் போனால் செத்தவர் மறுபடியும் செத்தார். ஆனால் அவசரத்தில் சிலர் வெளியே சுரண்டியதோடு விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் கழித்துத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரே பெட்டியில் இரண்டு பெயர் கிடைத்தது. மேலே திருடினவன் பெயர், உள்ளே உரியவன் பெயர். இந்த இடம் வரும்போது வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து உட்காரும்.

"சரி" என்றாள் ஜெபராணி.

இவாஞ்சலின் முந்தானையை விட்டாள்.

"பொட்டி தர்றேன். ஆனா என் பேரை நான் தான் சொரண்டுவேன். வேற யார் கையும் அதுல படக்கூடாது. இந்தக் கண்ணையும் நானே அழிச்சித் தர்றேன். தூக்கிக் கூடத்துல வெச்சிட்டு எல்லாரும் வராந்தாவுல நில்லுங்க."

ஜெயக்குமாரும் சபை ஆளும் தூக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஜெபராணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

முதலில் உப்புத்தாளை எடுத்து மூடியைத் தேய்த்தாள். 'ஆன்சன்' சீக்கிரம் போய்விட்டது. 'ஜெபராணி' போகவே இல்லை, பெயிண்ட் மரத்துக்குள் இறங்கியிருந்தது. கத்தி முனையால் ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினாள். ஆன்சன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பெயர் பொடியாக உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. யோவான் இத்தனை வருஷம் வாயால் செய்ததை இன்று தன் கையால் செய்ய வைத்துவிட்டான் என்று நினைத்தபோது அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கண்களையும் தேய்த்து எடுத்தாள்.

அப்புறம் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். உள்ளே மணவாளன் வெள்ளை மல் துணி விரித்து ஓரங்களில் சின்ன ஆணி அடித்திருந்தான். தலைப்பக்கத்து ஆணிகளைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, துணியைச் சுருட்டிக் கால்பக்கம் தள்ளினாள். மாம்பலகை, மழை ஈரத்தில் இன்னும் மெத்தென்று ஊறியிருந்தது. யோவானின் முதுகு எங்கே வரும் என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த இடத்தில் திருப்புளி முனையை அழுத்திக் கீற ஆரம்பித்தாள். 'ஜெ' மோசமான எழுத்து, எங்கே திரும்பினாலும் வளைவு. வளைவையெல்லாம் கோணல் கோடாக உடைத்து உடைத்துக் கீறினாள். பெயிண்ட் என்றால் மறுபடி சுரண்டலாம். இதைச் சுரண்ட வேண்டும் என்றால் பலகையையே உடைக்க வேண்டும்.

ஆன்சன் மனைவி ஜெபராணி. இது என் இடம்.

துணியை இழுத்துப் போட்டு ஆணியை அடித்தாள். அம்மிக் குழவியைப் பழைய புடவையில் சுற்றித்தான் அடித்தாள், இருந்தாலும் தறி ஓடாத தெருவில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"இன்னாக்கா சத்தம்?" என்று வெளியே இவாஞ்சலின் குரல்.

"ஒரு ஆணி எழும்பிகினு கீது. உங்க வூட்டுக்காரருக்குக் குத்தக் கூடாதில்ல?"

"நீ நல்லா இருப்பே, அக்கா."

எகிப்தியர்கள் தராசுக்குப் பயந்து, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று தங்கள் நெஞ்சையே கேட்டுக்கொள்வார்கள். ஜெபராணியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதனிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்தாள்.

ஜெயக்குமார் எங்கிருந்தோ ஒரு டப்பா பெயிண்ட் தேடிக்கொண்டு வந்து மூடியில் யோவான் பெயரை எழுதினான். காயவில்லை. சாயங்காலம் தூறலில் ஊர்வலம் கிளம்பி, கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் போவதற்குள் அந்தப் பெயர் வழிந்து பெட்டியின் பக்கமெல்லாம் கறுப்பாக இறங்கிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் யார் என்று ஊருக்கே தெரியும்போது எழுத்து எதற்கு?

குழியில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. வாளியில் மொண்டு ஊற்றினார்கள், மறுபடி ஊறியது. போதகர் ஜெபத்தைச் சுருக்கினார். ஆன்சனின் கல்லறைக்குப் பக்கத்தில், ஜெபராணி இத்தனை வருஷம் உட்கார்ந்து புல் பிடுங்கிய இடத்தில், கயிறு கட்டிப் பெட்டியை இறக்கினார்கள். அது அடியில் போய்த் தட்டிய சத்தம் அவளுக்குத் தன் முதுகிலேயே கேட்டது.

ஒவ்வொருத்தராக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். ஜெபராணியின் முறை வந்தபோது அவள் குழியைப் பார்க்கவில்லை. ஆன்சனின் கல்லைப் பார்த்து, உதடு மட்டும் அசைய, "வந்துட்டேங்க" என்றாள். உடனே குபுக்கென்று அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஏழு வருஷமாக ஒரு மனுஷனிடம் போய்ச் சேர வழியில்லாமல் நின்றவளுக்கு அன்று வழி கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாள். கொழுந்தனுக்காக இப்படி அழுகிறாளே என்று பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். இவாஞ்சலின் வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜெபராணி தோளைக் கொடுத்தாள், கையைக் கொடுக்கவில்லை.

மழை விட்டுச் சாலை சரியாகித் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு சாயங்காலம் இவாஞ்சலின் ஜெபராணியைத் தேடி வந்தாள். வெள்ளைப் புடவை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே கூப்பிடாததால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"மணவாளன் கிட்ட சொல்லிட்டேன். அதே மாரி ஒரு பொட்டி செஞ்சிக் குடுத்துடுவான். கமிட்டியிலயும் பேசிகினு கீறேன். மேற்கு மூலையில, கெணத்துக்கு அந்தாண்ட உனக்கு ஒரு எடம் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

"எனக்கு வேணாம்."

"அப்படி சொல்லாதே. நீ செஞ்சதை நான் மறக்க மாட்டேன். நீ பெரிய மனசுக்காரி, தெய்வநாயகி அக்கா."

நன்றி சொல்லும்போதுகூட அந்தப் பெயர்தான். ஜெபராணிக்கு அதுவரை சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லை. தனக்குள் வைத்துக்கொண்டு சாகலாம் என்றுதான் இருந்தாள். அந்த ஒரு பெயரைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு எடம் வேணாம்னு ஏன் சொன்னேன் தெரியுமா? எனக்கு ஏற்கெனவே கெடச்சிடுச்சி. எங்க வூட்டுக்காரர் பக்கத்துல நான் தான் கீறேன்."

"இன்னா சொல்றே?"

"பொட்டிக்குள்ள துணிக்கு அடியில என் பேரைக் கீறி வெச்சிருக்கேன். ஆன்சன் பொண்டாட்டி ஜெபராணி, இது என் எடம்னு. உன் வூட்டுக்காரன் அது மேல தான் மல்லாந்து கெடக்கறான். மேல எழுதின அவன் பேரு அன்னிக்கே மழையில கரைஞ்சி போச்சு, நீயே பார்த்தே. இப்ப அந்தக் குழியில கீற பேரு ஒண்ணே ஒண்ணு தான்."

இவாஞ்சலினின் கையிலிருந்த பழச்சீப்பு கீழே விழுந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு ஆணிச் சத்தம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துப்போனது.

"தோண்டுவேன். இன்னிக்கே ஆள் வெச்சித் தோண்டுவேன்."

"தோண்டு. சும்மா தோண்ட முடியாது, தாசில்தார்கிட்ட மனு குடுக்கணும். ஏன் தோண்டணும்னு கேப்பாரு. உள்ள யார் பேரு கீதுன்னு சொல்லணும். தெய்வநாயகின்னு சொன்னா அந்தப் பேரு அதுல இல்ல. சொல்லிப் பழகிக்கோ."

இவாஞ்சலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். எதிர்வீட்டில் தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"அடிப்பாவி! ஜெபராணீ! நீ நாசமாப் போவே, ஜெபராணீ! உன் பொணத்தை நாய் இழுக்கும், ஜெபராணீ!"

யோவான் வீட்டார் வாயிலிருந்து அந்தப் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. தெரு முழுக்கக் கேட்கும்படி வந்தது. ஜெபராணி உள்ளே போகவில்லை. இவாஞ்சலின் தொண்டை கட்டி ஓயும்வரை நின்று, ஒன்று விடாமல் கேட்டாள்.